அறுப்புக் காலத்தில் படிப்பு

கேள்வி: ராகி அறுப்பு நடக்கிறது. பகலெல்லாம் காடும் களமும்தான். இரவில் அஞ்சல்வழிப் பட்டப்படிப்புக்குப் புத்தகத்தைத் திறந்தால் நாலு வரிக்குள் கண் சொக்குகிறது. இந்த வருஷம் படிப்பை நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகர், கோபிநத்தம்

பதில்: நிறுத்த வேண்டாம், அளவைக் குறையுங்கள். கதிர் அறுத்து, கட்டு சுமந்து வந்த உடம்பு ராத்திரியில் படிக்காது. அது சோம்பலில்லை. படிப்பைக் காலைக்கு மாற்றுங்கள்.

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிராலப் அஞ்சல் துறை அதிகாரி. மொத்தம் 47 நாவல்கள் எழுதினார்; அவற்றில் பல, வேலையில் இருந்துகொண்டே எழுதியவை. காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். முதல் அரைமணி, முந்தைய நாள் எழுதியதைப் படிப்பது மட்டும். பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 வார்த்தை. காபி கொடுத்து எழுப்பச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார். நமக்கு அந்த வசதி ஏது!

அவர் தினமும் உட்கார்ந்த மூன்று மணிநேரம் உங்களுக்கு வேண்டாம், அந்த முதல் அரைமணி போதும். காட்டுக்குக் கிளம்புமுன் நேற்றுப் படித்ததை ஒருமுறை பார்த்து, புதிதாக ஒரு பக்கம் படியுங்கள். நேரம் முடிந்ததும் பாதியில் நின்றாலும் மூடிவிடுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு பக்கம் என்று கடன் ஏற்றாதீர்கள். பலர் சோர்ந்து கைவிடுவது அந்தக் கடனால்தான்.

2019-ல் உலக சுகாதார நிறுவனம் தீராத வேலை அழுத்தத்தால் வரும் சோர்வை நோய் வகைப்பாட்டு நூலில் குறித்தது: உடல் அசதி, வேலையில் வெறுப்பு, திறன் குறைவு. அப்படி ஒரு வெறுப்பு படிப்பின்மேலும் தட்டினால் இரண்டு நாள் புத்தகத்தைத் தொடாதீர்கள். தூக்கத்தை மட்டும் வெட்டாதீர்கள். போரடித்துத் தானியம் வீடு சேர்ந்த பிறகு நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.