பழைய காருக்குப் புதிய மூச்சு

நுழையும் முன்

பொறி ஒன்றைப் பழுது பார்ப்பதற்கு முன் அது இயங்கும் முறையை அறிதல் வேண்டும். காரணம் அறியாது செய்யும் மாற்றம் பழுதை நீக்காது, பொருளையும் வீணாக்கும். ஒரு பழைய காரின் கார்புரேட்டரை மாற்றும் பணி இவ்வுண்மையை நன்கு விளக்குகிறது.

பாடப்பகுதி

மும்பை நகரின் அடையாளமாக நெடுங்காலம் விளங்கியவை கறுப்பும் மஞ்சளுமான பத்மினி வாடகைக் கார்கள். அவற்றுள் இறுதியானது 2003ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் பதிவு செய்யப்பட்டது. வாடகைக் கார்களுக்கு அந்நகரில் வகுக்கப்பட்ட வயது வரம்பு 20 ஆண்டுகள். ஆகவே, 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் அவை சாலையிலிருந்து விடைபெற்றன.

இக்கார் இத்தாலிய நாட்டு ஃபியட் நிறுவனத்தின் வடிவமைப்பைக் கொண்டது. பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் 1964ஆம் ஆண்டு முதல் மும்பையின் குர்லா ஆலையில் இதனை உருவாக்கியது. 1974ஆம் ஆண்டில் இதற்குப் ‘பத்மினி’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. வாடகைக் கார்கள் மறைந்தபோதும், தந்தையோ பாட்டனாரோ வாங்கிய பத்மினியைப் பேணி வருவோர் இன்றும் உள்ளனர். அவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல் கார்புரேட்டர் பழுதாகும்.

இயங்கும் முறை

பெட்ரோல் தனித்து எரிவதில்லை. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுடன் ஏறக்குறைய 15 பங்கு காற்றுக் கலந்தால்தான் அது முறையாக எரியும். இக்கலவையை உருவாக்கித் தருவதே கார்புரேட்டரின் பணி.

கார்புரேட்டரின் நடுவே இடை சிறுத்த குழல் ஒன்று உண்டு. எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும்போது, அக்குறுகிய இடத்தில் காற்றின் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிச் சிறு துளை வழியே பெட்ரோல் பீறிட்டு வந்து காற்றோடு கலக்கிறது. அத்துளையை ‘ஜெட்’ என்பர். வேகத்திற்கும் அழுத்தத்திற்கும் உள்ள இத்தொடர்பை டேனியல் பெர்னூலி என்னும் அறிஞர் 1738ஆம் ஆண்டிலேயே தம் நூலில் விளக்கியுள்ளார்.

பெட்ரோலின் மட்டத்தை ஒரு மிதவை காக்கிறது. வீட்டு மேல்நிலைத் தொட்டியில் நீர் நிறைந்ததும் மிதவை உயர்ந்து குழாயை அடைப்பதுபோல, இம்மிதவையும் உயர்ந்து ஊசி வால்வை மூடுகிறது. ஓட்டுநர் முடுக்கியை மிதிக்கும்போது குழலின் அடியிலுள்ள தகடு திறக்கிறது, கலவை மிகுதியாக உட்செல்கிறது, எஞ்சின் விரைகிறது.

பழுதை அறிதல்

எஞ்சின் திணறினால் உடனே கார்புரேட்டரைக் குறை கூறுவது பலரின் வழக்கம். இது எய்தவன் இருக்க அம்பை நோவது போன்றதாகும். தேய்ந்த தீப்பொறிச் செருகிகள், சீர்குலைந்த தொடுமுனைகள், அடைபட்ட எரிபொருள் வடிகட்டி, விரிசலுற்ற காற்றுக்குழாய் ஆகியவையும் அதே குறையைத் தோற்றுவிக்கும். இவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும்.

கார்புரேட்டரே காரணம் எனத் தெளிந்த பின்னும், அதனை மாற்றியே தீர வேண்டும் என்பதில்லை. ஜெட்டில் அடைப்பு, ஊசி வால்வின் தேய்மானம், பழுதுற்ற கேஸ்கெட் ஆகியவற்றைத் தூய்மை செய்தும் சிறு பாகங்களை மாற்றியும் சரிசெய்யலாம். ஆனால், தகட்டைத் தாங்கும் சுழல் அச்சு தன் துளையையே தேய்த்து ஆடத் தொடங்கினாலோ, உலோக உடல் அரிக்கப்பட்டாலோ, பொருந்தும் முகம் வளைந்தாலோ, பெரும்பாலும் மாற்றுவதே தக்க வழியாகும்.

இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. பத்மினியின் காலத்து ரப்பர்க் குழாய்கள் அதனைத் தாங்குமாறு செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் ஈர்ப்பதால் நெடுநாள் நிறுத்தி வைத்த காரில் உலோக அரிப்பு உண்டாகும். எனவே, கார்புரேட்டரை மாற்றும்போது எரிபொருள் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் வகையினவாக மாற்றுதல் நன்று.

மாற்றும் முறை

இப்பணியைப் பயிற்சி பெற்ற கம்மியரே செய்தல் வேண்டும். பெட்ரோல் ஆவி சிறு பொறியாலும் தீப்பற்றும். ஆகவே, எஞ்சின் முழுதும் குளிர்ந்த பின், காற்றோட்டமுள்ள இடத்தில், தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டு பணியைத் தொடங்க வேண்டும். மின்கலத்தின் எதிர்முனை இணைப்பை முதலில் கழற்றிவிட வேண்டும்.

1. காற்று வடிகட்டியைக் கழற்றி, எந்தக் கம்பி எங்கே இணைகிறது என்பதைப் படம் வரைந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

2. எரிபொருள் குழாயைக் கழற்றி, பெட்ரோல் சிந்தாதவாறு அதன் வாயை அடைக்க வேண்டும். முடுக்கி இணைப்பையும் சோக் கம்பியையும் விடுவிக்க வேண்டும்.

3. நட்டுகளைக் கழற்றிக் கார்புரேட்டரைத் தூக்கியவுடன், கீழே திறந்துள்ள குழாய்வாயில் தூய துணியை வைத்து மூட வேண்டும். உள்ளே விழும் ஒரு சிறு நட்டு எஞ்சினையே சிதைத்துவிடும்.

4. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி நீக்கி, பொருந்தும் முகம் சமமாக உள்ளதா என்பதை நேர்விளிம்புச் சட்டத்தால் சோதிக்க வேண்டும். வெப்பத்தைத் தடுக்கும் இடைக்கட்டையை விட்டுவிடலாகாது. அது இல்லையேல் எஞ்சினின் வெப்பத்தால் பெட்ரோல் கொதித்து ஆவியாகும்.

5. புதிய கார்புரேட்டரின் ஜெட் எண்களும் குழல் அளவும் பழையதனோடு ஒத்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். புறத்தோற்றம் ஒத்திருப்பது மட்டும் போதாது.

6. துணியை மறவாது எடுத்த பின், புதிய கேஸ்கெட்டுடன் கார்புரேட்டரைப் பொருத்த வேண்டும். நட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். அளவுக்கு மீறி முடுக்கினால் முகம் வளைந்து, மீண்டும் காற்றுக் கசியும்.

7. எஞ்சினை இயக்கும் முன், ஒருவர் முடுக்கியை மிதிக்க, மற்றொருவர் தகடு முழுதும் திறந்து தானே மூடுகிறதா என்பதைக் காண வேண்டும். திறந்த நிலையில் தகடு சிக்கினால் ஓடும் கார் கட்டுக்கடங்காது. உயிருக்கே இடர் நேரும்.

செம்மை செய்தல்

எரிபொருள் கசிவில்லை என்பதை உறுதி செய்த பின், எஞ்சினை இயக்கி நன்கு சூடேறவிட வேண்டும். பின்னர் கலவைத் திருகை மெல்லத் திருப்பி, எஞ்சின் சீராகவும் விரைவாகவும் சுழலும் இடத்தில் நிறுத்தி, வேகத் திருகால் சுழற்சியைக் குறைக்க வேண்டும். சில நாள் ஓட்டிய பின் தீப்பொறிச் செருகியைக் கழற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும். அதில் கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. இளம்பழுப்பு நிறமாயின் கலவை பொருத்தம்.

புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதால், 2000ஆம் ஆண்டிற்குப் பின் இந்தியக் கார்களில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் செலுத்தி பிடித்தது. புதியது தூய்மையானது, சிக்கனமானது. எனினும், காதால் கேட்டும் கையால் தொட்டும் பொறியின் குறையறியும் கல்வி பழைய கார்களின் அருகிலேயே வளர்ந்தது. அக்கல்வியை அறிந்த கம்மியர்கள் குறைந்து வருகின்றனர். பழைய கார் ஒன்றைப் பேணுவோர் அவர்தம் கைத்திறனையும் உடன் பேணுகின்றனர்.

அருஞ்சொற்பொருள்

கம்மியர் – பொறிகளைப் பழுது பார்ப்பவர்
முடுக்கி – வேகத்தைக் கூட்டும் மிதி
இடர் – துன்பம்

பயிற்சி

1. இடை சிறுத்த குழலில் பெட்ரோல் பீறிட்டு வருவது ஏன்?
2. கார்புரேட்டரைக் கழற்றியதும் குழாய்வாயைத் துணியால் மூடுவதன் காரணம் யாது?
3. எந்நிலையில் கார்புரேட்டரைப் பழுது பார்க்கலாம்? எந்நிலையில் மாற்ற வேண்டும்? ஒப்பிட்டு எழுதுக.
4. ‘எரிபொருள்’ என்பது வினைத்தொகை. பாடத்திலிருந்து மற்றொரு வினைத்தொகையைக் கண்டெழுதுக.
5. செயல்பாடு: உம் பகுதியிலுள்ள கம்மியர் ஒருவரைக் கண்டு, அவர் தம் தொழிலைக் கற்ற வரலாற்றைக் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.