ஈராண்டு வாழ்ந்த லீக்

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் உலாவச் செல்வோர் ஒரு காட்சியைக் காணத் தவறார். வாரம் முழுதும் கட்டிங் மேசையின் முன்னும் ஓவர்லாக் எந்திரத்தின் முன்னும் உழைத்த இளைஞர்கள், வெற்றிடம் கண்ட இடமெல்லாம் மூன்று குச்சிகளை நட்டுக் கிரிக்கெட்டு ஆடிக்கொண்டிருப்பார்கள். இந்நகரின் பெயர் தாங்கிய 'திருப்பூர் தமிழன்ஸ்' அணி, 2025 ஆம் ஆண்டில் தமிழ்நாடு பிரிமியர் லீக் போட்டியில் வாகை சூடியது. பனியனுக்குப் பெயர் பெற்ற ஊர் பந்தாட்டத்திற்கும் பெயர் பெற்றது கண்டு நாம் மகிழ்ந்தோம்.

பல நகரங்களின் அணிகள் ஒரு முறைமைக்கு உட்பட்டுத் தம்முள் மாறி மாறி ஆடும் ஆட்டத் தொகுதியே 'லீக்' எனப்படும். இருபது ஓவர் ஆட்டத்தில் இத்தகைய லீக்கை நம் நாட்டில் முதன்முதல் பெரிய அளவில் நடத்திக் காட்டி, ஈராண்டிற்குள் மறைந்துபோன அமைப்பு ஒன்று உண்டு. இந்தியன் கிரிக்கெட் லீக் என்பது அதன் பெயர். அதன் வரலாறு மாணவர்கள் அறியத்தக்கது.

2007 ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் இந்திய அணி முதற்சுற்றிலேயே தோற்று வெளியேறியது. நாடு வருந்தியது. அவ்வேளையில், ஜீ தொலைக்காட்சியின் உரிமையாளராகிய சுபாஷ் சந்திரா, இளம் ஆட்டக்காரர்களை உருவாக்கத் தனியொரு லீக்கைத் தொடங்கப்போவதாக அறிவித்தார். இந்திய ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையைப் பெற அவருடைய நிறுவனம் முன்னர் முயன்று பெறாது போனமையும் இம்முயற்சிக்கு ஒரு காரணமாகும். 1983 இல் உலகக் கோப்பையை வென்ற அணியின் தலைவர் கபில்தேவ் அதன் ஆட்சிக் குழுவிற்குத் தலைமை ஏற்றார். சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா, ஐதராபாத், சண்டிகர் ஆகிய நகரங்களின் பெயரால் ஆறு அணிகள் அமைந்தன.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்திருத்தலை நீங்கள் அறிவீர்கள். வினை தொடங்குவான் எண்ண வேண்டியவை இம்மூன்றும். இந்த லீக்கின் வாழ்வையும் தாழ்வையும் அளக்க இவையே தக்க அளவுகோலாம்.

வலியை நோக்கின் அதற்குக் குறைவில்லை. பொருள் இருந்தது, தொலைக்காட்சி இருந்தது, அயல்நாட்டு ஆட்டக்காரர் பலர் வந்து சேர்ந்தனர். சென்னை சூப்பர் ஸ்டார்ஸ் அணிக்கு ஆஸ்திரேலியரான ஸ்டூவர்ட் லா தலைவரானார். இந்தியாவிற்காக ஆடிய ஏமாங் பதானியும், தமிழகத்து இளைஞர் பலரும் அவ்வணியில் இடம் பெற்றனர்.

ஆயின், இடம் இல்லை. நாட்டின் பெரிய ஆடுகளங்கள் பெரும்பாலும் இந்தியக் கிரிக்கெட்டுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு உட்பட்ட மாநிலச் சங்கங்களின் கையில் இருந்தன. வாரியமோ இந்த லீக்கை ஏற்க மறுத்தது. ஆகவே, அரியானாவின் பஞ்சகுலா நகரில் அரசுக்கு உரிய ஆடுகளத்தில் முதற்போட்டி நடைபெற்றது. 2007 டிசம்பரில் அங்கு நடந்த இறுதி ஆட்டத்தில் சென்னை அணி சண்டிகர் அணியை வென்று கோப்பையைப் பெற்றது. சென்னையின் பெயரால் ஆடியவர்கள் சென்னைக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வெற்றி பெற்றனர்; சேப்பாக்கத்து மக்கள் அவ்வெற்றியைத் தொலைக்காட்சியில் கண்டதோடு அமைந்தனர். தறி தனதாயினும் அதை நிறுத்த இடமில்லாதவன் நெய்வது எங்ஙனம்?

காலமும் துணைசெய்யவில்லை. லீக்கின் முதல் ஆட்டம் தொடங்குமுன்னரே, 2007 செப்டம்பரில், வாரியம் தனக்கென இந்தியன் பிரிமியர் லீக்கை அறிவித்துவிட்டது. அதே மாதத்தில் தென்னாப்பிரிக்காவில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்தியா வென்றது. மக்கள் மனம் அக்குறு ஆட்டத்தின்பால் திரும்பியது. 2008 ஏப்ரல் 18 ஆம் நாள் வாரியத்தின் லீக் பெங்களூரில் தொடங்கிய பின், மக்கள் கூட்டமும் விளம்பரப் பொருளும் அதன் பக்கமே சாய்ந்தன.

இனி, இவ்வரலாற்றின் உயிரான செய்திக்கு வருவோம். புதிய லீக்கில் சேர்ந்தவர்கள் ரஞ்சிக் கோப்பை முதலிய வாரியப் போட்டிகள் அனைத்திலிருந்தும் விலக்கப்பட்டனர். கபில்தேவும் தேசியக் கிரிக்கெட்டுப் பயிற்சிக் கழகத்தின் தலைமைப் பதவியை இழந்தார். அவரைப் போன்ற புகழுடையார்க்கு அது பேரிழப்பு அன்று. மாநில அணியில் இடம் பெறுவதையே வாழ்வின் நோக்கமாகக் கொண்டு, சிறுவயது முதல் உழைத்த இளைஞர்க்கோ அது வாழ்வையே முடக்குவதாயிற்று.

மாணவர்களே! நம் ஊரில் தையற்காரர் ஒருவர் கூலி மிகுதி கருதி ஒரு கம்பெனியிலிருந்து மற்றொன்றிற்குச் செல்கிறார் எனக் கொள்ளுங்கள். அது பற்றி ஊரிலுள்ள கம்பெனிகள் எல்லாம் அவர்க்குக் கதவை அடைத்துவிடுமாயின், அவர் குடும்பம் என்னாகும்? மறுபுறத்தையும் நாம் எண்ணுதல் வேண்டும். ஆடுகளம் அமைத்து, பள்ளிப் பருவம் முதல் ஆட்டக்காரரைப் பேணி வளர்த்த அமைப்பு, ஒழுங்கு குலையும் என அஞ்சுவதில் பொருள் உண்டு. ஆயினும், ஒழுங்கைக் காப்பது வேறு. ஒருவன் கைத்தொழிலைத் தடுப்பது வேறு. இவ்வேறுபாட்டை ஆய்ந்து தெளிவதே நடுவுநிலைமை.

இத்தகைய பூசல் பிறநாடுகளிலும் நிகழ்ந்ததுண்டு. 1977 இல் ஆஸ்திரேலியாவில் கெர்ரி பாக்கர் என்னும் செல்வர் தனியாகக் கிரிக்கெட்டு நடத்தினார். அவரிடம் சேர்ந்தவர்களைத் தடைசெய்தது தவறென இங்கிலாந்து உயர்நீதிமன்றம் அவ்வாண்டிலேயே தீர்ப்பளித்தது. 1979 இல் இரு தரத்தாரும் இணங்கினர். அவர் பரப்பிய இரவு ஆட்டமும் வண்ண உடையும் இன்று உலக வழக்காயின. அமெரிக்காவில் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் 'பெடரல் லீக்' என ஒன்று பெரிய லீக்குகளை எதிர்த்து எழுந்தது. 1914, 1915 ஆகிய ஈராண்டோடு அது முடிந்தது. ஆயினும், அதன் சிகாகோ அணிக்காக 1914 இல் கட்டிய ஆடுகளம் நூறாண்டு கடந்தும் 'ரிக்லி பீல்டு' என்னும் பெயரோடு நின்று பயன்படுகிறது. கட்டியவர் போயினர், கட்டடம் நின்றது.

இந்தியன் கிரிக்கெட் லீக்கின் முடிவும் விரைவில் வந்தது. 2008 நவம்பரில் லாகூர் அணி கோப்பையை வென்றது. அம்மாத இறுதியில் மும்பையில் நடந்த கொடிய தாக்குதலால் அடுத்த போட்டி இடையிலேயே நின்றது. அதன்பின் லீக் மீண்டும் எழவில்லை. ஊதியம் நிலுவையில் உள்ளது என ஆட்டக்காரர் முறையிட்டனர். 2009 இல் வாரியம் மன்னிப்பு வழங்க முன்வந்தது. இந்திய ஆட்டக்காரர் 79 பேர் அதை ஏற்றுத் திரும்பினர்.

திரும்பியவருள் சிலர் உயர்ந்தனர். ஐதராபாத் அணியில் ஆடிய அம்பாதி ராயுடு 2013 இல் இந்திய அணியில் இடம் பெற்றார். பின்னர்ச் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் தூண்களுள் ஒருவரானார். சென்னை சூப்பர் ஸ்டார்ஸ் அணியில் ஆடிய இராஜகோபால் சதீஷ், 2016 இல் தொடங்கிய தமிழ்நாடு பிரிமியர் லீக்கில் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணிக்குத் தலைமை தாங்கினார். பதானி அவ்வணிக்குப் பயிற்சியாளராக விளங்கினார். மறைந்த லீக்கில் ஆடியவர்களே புதிய லீக்கில் இளைஞர்க்கு வழிகாட்டினர் என்பது நினையத்தக்கது.

ஆயினும், நற்பருவத்தில் ஈராண்டை இழந்து, பின்னர் வாய்ப்புப் பெறாமலே ஓய்ந்தவர் பலர். அவர்களுடைய பெயர்களை இன்று யாரும் சொல்வதில்லை. கடைக்கு வரும் பனியனைப் பார்ப்பவர் அதன் நிறத்தைப் புகழ்வர். நூலை முறுக்கியவரையும் சாயத்தில் கை நனைத்தவரையும் நினைப்பவர் சிலரே. வெற்றி பெற்றவர்க்கு மாலை சூட்டும்போது, முன்னே சென்று முள்ளை மிதித்தவரையும் நன்றியோடு நினைப்பது நம் கடமையாகும்.