கிழங்கு விளைவிப்பவருக்கும் ஒரு தராசு வேண்டும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் ஆத்தூர், தலைவாசல், ராசிபுரம், சேந்தமங்கலம், நாமகிரிப்பேட்டை ஆகிய வட்டாரங்களில் மரவள்ளி முக்கியமான பணப்பயிராகும். குச்சிக் கிழங்கு என்று இப்பகுதியில் அழைக்கப்படும் இப்பயிரில் சமையலுக்குப் போவது குறைவு. பெரும்பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்கும் ஸ்டார்ச் ஆலைகளுக்கும் போகிறது. பத்து மாதம் மண்ணில் இருக்கும் கிழங்கு, பிடுங்கிய பின் இரண்டு, மூன்று நாள்கூடத் தாங்குவதில்லை. உள்ளே கருநீலக் கோடு ஓடி, மாவின் தரம் கெட்டுவிடும். நெல்லையும் மஞ்சளையும் போல மூட்டை கட்டி வைத்து விலை பார்க்க வழியில்லை. லாரியில் ஏற்றிய கிழங்கைத் திரும்பக் கொண்டுவர இயலாது என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்.

இப்படிப் பேரம் பேச வலுவில்லாத உற்பத்தியாளர்கள் ஒன்று சேர்ந்து, தங்கள் பொது நன்மைக்காக ஒரு தொழில் அமைப்பை நடத்துவது உண்டு. அது மற்ற நிறுவனங்களைப் போலவே வாங்கும், விற்கும், கணக்கு எழுதும். ஆனால் லாபம் அதன் ஒரே குறிக்கோள் அல்ல; உறுப்பினரின் வாழ்வு உயர்வதே குறிக்கோள். கூட்டுறவுச் சங்கம், உற்பத்தியாளர் நிறுவனம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் 1844-ஆம் ஆண்டு ஒரு கூட்டுறவுக் கடை திறந்தபோது அவர்கள் முதன்மையாகக் கொண்டவை கலப்படம் இல்லாத பொருளும் சரியான எடையும் ஆகும். இத்தகைய அமைப்பால் என்ன செய்ய முடியும், எங்கே அது நின்றுவிடுகிறது என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. சேலத்திலேயே அதற்குச் சான்று உள்ளது.

சேகோசர்வ் தந்த பாடம்

இரண்டாம் உலகப் போரின்போது கீழை நாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோயிற்று. சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், மலேயாவில் இத்தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷா என்பவருடன் சேர்ந்து, 1943-ஆம் ஆண்டில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கத் தொடங்கினார். இரும்புச் சத்தும் செம்மண்ணும் நிறைந்த இந்த மாவட்டத்தில் பயிரும் பரவியது, ஆலைகளும் பெருகின.

ஆனால் சரக்கு விற்பனை வெளியூர் வியாபாரிகளின் கையில் இருந்தது. சிறு ஆலைக்காரரிடம் கிடங்கு கிடையாது. கையிருப்புப் பணமும் குறைவு. மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களுக்குப் போகும் சரக்குக்கு அங்கே என்ன விலை என்பது இங்கே தெரியாது. இந்தக் குறையைப் போக்க 1981-ஆம் ஆண்டில் சேலம் ஸ்டார்ச், ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் தொழிற்கூட்டுறவு சேவைச் சங்கம் பதிவு செய்யப்பட்டு, 1982-ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கியது. இதுவே சேகோசர்வ்.

இதன் நடைமுறை எளிமையானது. உறுப்பினரான ஆலைக்காரர் தம் மூட்டைகளைச் சங்கத்தின் கிடங்கில் சேர்க்கிறார். மாதிரி எடுத்துத் தரம் பார்க்கப்படுகிறது. பதிவு பெற்ற வியாபாரிகள் மறைமுக டெண்டர் மூலம் விலை கேட்கின்றனர். விலை படியும் வரை சரக்கின் பேரில் முன்பணம் கிடைக்கிறது. பணத்துக்காக அவசரப்பட்டு விற்க வேண்டிய கட்டாயம் இதனால் குறைந்தது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததற்கும் விண்ணப்பித்தது இச்சங்கமே.

உறுப்பினர் யார் என்ற கேள்வி

இத்தனை பயன் தரும் சங்கத்தில் கிழங்கு விளைவிக்கும் விவசாயி உறுப்பினர் அல்லர். இது சங்கத்தின் குறை என்று கொள்ளக்கூடாது. ஆலைக்காரர்களுக்காக அமைந்த சங்கம் ஆலைக்காரர்களுக்கு உழைக்கிறது. ஜவ்வரிசிக்கு நல்ல விலை கிடைத்தால் கிழங்குக்கும் நல்ல விலை வரும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அப்படி வந்தே தீரும் என்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. ஆகவேதான் விலை சரியும் ஆண்டுகளில் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் விவசாயிகள், ஆலை உரிமையாளர்கள், அதிகாரிகள் கூடும் முத்தரப்புக் கூட்டங்கள் தேவைப்படுகின்றன.

சங்கத்துக்கும் தன் சொந்தச் சிக்கல் உண்டு. உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் சரக்கைச் சங்கத்தின் வழியே விற்காமல் வெளியே நேரடியாக விற்பதால், டெண்டரில் படியும் விலைக்கு வலு குறைகிறது. மரவள்ளி மாவில் மக்காச்சோள மாவைக் கலப்பதும், வெண்மைக்காக இரசாயனம் சேர்ப்பதும் பற்றிய புகார்கள் மொத்தச் சரக்கின் பெயரையும் கெடுத்தன. கலப்படத்தால் மரவள்ளிக்குத் தேவை குறைந்து, அந்த இழப்பு கடைசியில் கிழங்கு விளைவித்தவர் தலையிலேயே விழுகிறது.

புள்ளியில் இருக்கிறது பணம்

ஆலையில் கிழங்குக்கு விலை, எடையையும் மாவுச் சத்துப் புள்ளியையும் வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. குறிப்பிட்ட எடையுள்ள கிழங்கைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி மீண்டும் எடை பார்க்கின்றனர். மாவு மிகுந்த கிழங்கு அடர்த்தி கூடியதாக இருப்பதால், தண்ணீரில் அதன் எடை கூடுதலாகக் காட்டும். அதைக் கொண்டு புள்ளி கணக்கிடப்படுகிறது.

உதாரணமாக, ஒரு புள்ளிக்கு டன்னுக்கு ரூ.300 என்று வைத்துக்கொள்வோம். 28 புள்ளி உள்ள கிழங்கு டன் ரூ.8,400 பெறும். அதே கிழங்கு 26 புள்ளி என்று எழுதப்பட்டால் ரூ.7,800 மட்டுமே. 10 டன் லோடு ஒன்றில் வித்தியாசம் ரூ.6,000. ஏக்கருக்கு 10 டன் விளைந்தால், இது ஓர் ஏக்கரின் இழப்பாகும். இரண்டு புள்ளி குறையப் பல காரணங்கள் இருக்கலாம். மழைக்குப் பின் பிடுங்கியிருக்கலாம். முற்றாத கிழங்காக இருக்கலாம். மாதிரி எடுத்த முறை சரியில்லாமல் இருக்கலாம். எது காரணம் என்பதை அறிய விவசாயியிடம் கருவி இல்லை.

இதே மாவட்டங்களில் பால் விற்பவர் நிலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிராமப் பால் உற்பத்தியாளர் சங்கத்தில் உறுப்பினர் ஊற்றும் பால், அவருடைய சொந்தச் சங்கத்திலேயே அளக்கப்பட்டு, கொழுப்புச் சத்தும் இதர சத்தும் பார்க்கப்படுகிறது. பாலும் விரைவில் கெடும் பொருள்தான். ஆனால் அளவும் தரமும் ஊரிலேயே பதிவாகிவிடுவதால் பிறகு வாதம் செய்ய ஆதாரம் இருக்கிறது.

நாமக்கல் கோழிப்பண்ணையாளர்களின் அனுபவமும் நினைவில் கொள்ளத்தக்கது. 1982-ஆம் ஆண்டில் டாக்டர் பி.வி. ராவ் முன்னின்று அமைத்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு மூலம், முட்டைக்குப் பண்ணையாளர்களே விலை அறிவிக்கும் வழக்கம் வந்தது. எனினும் சரக்குத் தேங்கும் நாள்களில் அறிவித்த விலைக்குக் கீழே கொள்முதல் நடப்பதும் உண்டு. விலையை அறிவிப்பது ஒரு படி. எல்லோரும் அந்த விலையில் உறுதியாக நிற்பது அடுத்த படி.

சட்டமும் திட்டமும்

கிழங்கு விவசாயிகள் தமக்கென ஓர் அமைப்பை உருவாக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி அமையும் சங்கம். இதில் அரசின் துணையும் தணிக்கையும் கிடைக்கும். அரசின் கட்டுப்பாடும் கூடவே வரும். மற்றொன்று உற்பத்தியாளர் நிறுவனம். பேராசிரியர் ஒய்.கே. அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 2002-ஆம் ஆண்டில் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டு இதற்கு வழி பிறந்தது. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தாலே பதிவு செய்யலாம். தனிநபர்களே உறுப்பினராக உள்ள நிறுவனத்தில், எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு. வெளியார் பங்கு வாங்கி நிறுவனத்தைக் கைப்பற்ற இயலாது.

தமிழக அரசு 2017-18-இல் தொடங்கிய கூட்டுப்பண்ணையத் திட்டத்தில், 100 சிறு, குறு விவசாயிகள் கொண்ட உற்பத்தியாளர் குழுவுக்குப் பண்ணை இயந்திரங்கள் வாங்க ரூ.5 லட்சம் வழங்கப்பட்டது. நாடு முழுவதும் 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை அமைக்கும் மத்திய அரசின் திட்டம் 2020-இல் தொடங்கியது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர்; நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டுக்கு ரூ.18 லட்சம் வரை; உறுப்பினர் செலுத்தும் பங்குக்கு இணையாக, ஒருவருக்கு ரூ.2,000 என்ற வரம்பில், மொத்தம் ரூ.15 லட்சம் வரை மானியம் என்று அதில் வகுக்கப்பட்டது. பத்தாயிரமாவது நிறுவனம் 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்டு இலக்கு எட்டப்பட்டுவிட்டது. எனவே புதிதாகப் பதிவு செய்யும் முன், தம் வட்டாரத்தில் ஏற்கெனவே உள்ள நிறுவனத்தில் சேர வாய்ப்புண்டா என்று வேளாண்மை வணிகத் துறையில் விசாரிப்பது நல்லது.

பதிவுக்குப் பின் வரும் சிக்கல்

நிறுவனம் பதிவு செய்வது சுலபம். அதைத் தாங்கி நிறுத்துவது கடினம். இதற்கு முதல் காரணம் சுழல்நிதி. 300 உறுப்பினர்கள் தலைக்கு ரூ.1,000 செலுத்தினால் ரூ.3 லட்சம், இணை மானியம் சேர்ந்தால் ரூ.6 லட்சம். மேலே கண்ட விலையில் நாள் ஒன்றுக்கு ஐந்து லோடு, அதாவது 50 டன், வாங்கினால் ரூ.4.20 லட்சம் வேண்டும். ஆலையிலிருந்து பணம் வர 15 நாள் ஆனால் ரூ.63 லட்சம் முடங்கிக் கிடக்கும். ஒன்றரை நாள் கொள்முதலுக்கே போதாத முதலுடன், எடுத்த எடுப்பில் வாங்கி விற்கும் வியாபாரத்தில் இறங்குவது ஆபத்து. ஆலை கட்டுவது பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் முன்பணம். நடவுச் செலவுக்குத் தரகரிடமோ ஆலையிடமோ பணம் வாங்கியவர், கிழங்கை அங்கேதான் போட்டாக வேண்டும். குழுவின் தீர்மானம் அவரைக் கட்டுப்படுத்தாது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனை உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டிச் சுமை இல்லை. முன்பணத்தை இக்கடனால் மாற்றிக்கொள்ளும் உறுப்பினரே சுதந்திரமாக விற்க முடியும்.

மூன்றாவது காரணம் கட்டுப்பாடின்மை. டன்னுக்கு ரூ.100 கூடுதலாகத் தருகிறேன் என்று ஒரு வியாபாரி வந்தால் உறுப்பினர் குழுவை விட்டு விலகுகிறார். அடுத்த வாரம் விலை இறங்கியதும் குழுவைத் தேடுகிறார். நான்காவதாக, ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை, வரிக் கணக்கு ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் செலவு உண்டு. மானியம் தரும் மூன்றாண்டு முடிந்தபின் அதைச் சுமக்க நிரந்தர வருமானம் இருக்க வேண்டும்.

எதில் தொடங்குவது?

இந்தச் சிக்கல்களை எண்ணிப் பார்த்தால், குழு முதலில் செய்ய வேண்டிய பணி எது என்பது தெளிவாகும். குறைந்த முதலில் எல்லோருக்கும் பயன்படும் பணிகளை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1. ஒரு தராசும் புள்ளி பார்க்கும் கருவியும் வாங்கி ஊர்ப் பொது இடத்தில் வைக்கலாம். தராசுக்கு உரிய காலத்தில் முத்திரை பெற வேண்டும். லோடின் மேல், நடு, அடிப் பகுதிகளிலிருந்து மாதிரி எடுத்து, மண் நீக்கி, காம்பு வெட்டி, புள்ளி பார்த்துச் சீட்டு எழுதவும்.

2. லோடு கிளம்பும் முன் எடுத்த புள்ளியையும் ஆலையில் எழுதிய புள்ளியையும் ஒரே பேரேட்டில் பதியவும். ஒரு பருவப் பதிவு கையில் இருந்தால், முத்தரப்புக் கூட்டத்தில் ஆதாரத்துடன் பேசலாம். நேர்மையாகப் புள்ளி எழுதும் ஆலை எது என்பதும் அதிலிருந்தே தெரியவரும்.

3. ஆலையின் அரைவைத் திறனைக் கேட்டறிந்து, யார் வயல் எந்த நாள் என்று பிடுங்கும் முறை வைத்துக்கொள்ள வேண்டும். முற்றிய பயிர் சில வாரம் மண்ணில் காத்திருக்கும்; பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது.

4. நோயற்ற கரணைகளைக் குழுவாகத் தேர்ந்தெடுத்து வழங்கலாம். தேமல் நோய் கரணை மூலமும் வயலுக்கு வயல் போகிறது. ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் இரகங்கள் பற்றிய ஆலோசனை பெறலாம். மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்தும் ஒட்டுண்ணிக் குளவி 2022 மார்ச்சில் அங்கிருந்தே விடப்பட்டது. பக்கத்து வயலில் கண்டபடி மருந்தடித்தால் குளவியும் மடியும். ஆகவே இதற்கும் கூட்டு முடிவு வேண்டும்.

5. இப்பணிகளுக்கு டன்னுக்கு ரூ.50 என்று சேவைக் கட்டணம் வசூலிக்கலாம். நாளுக்கு 50 டன் வீதம் 100 நாள் நடந்தால் ரூ.2.50 லட்சம் வரும். ஒரு பணியாளர் சம்பளத்துக்கும் கணக்குச் செலவுக்கும் உதவும். கிழங்குப் பணத்தை ஆலை நேரடியாக விவசாயிக்கே செலுத்துவதால் குழுவின் முதல் முடங்காது.

இரண்டு, மூன்று பருவம் இவ்வாறு நடத்திக் கணக்கு ஒழுங்காக இருந்தால், வங்கியும் நம்பும், ஆலையும் மதிக்கும். அப்போது முன்கூட்டி விலை பேசி ஒப்பந்தம் செய்வது, மொத்தமாக உரம் வாங்குவது, பிற்பாடு மாவு எடுப்பது என்று படிப்படியாக உயரலாம்.

அரசு கவனிக்க வேண்டியவை

மானியம் பெரும்பாலும் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் போகிறது. கிழங்குப் பகுதிகளில் இன்று அதிகம் தேவைப்படுவது சுழல்நிதியும், ஆலைகளில் உள்ள புள்ளிக் கருவிகளை முறையாகச் சோதித்து முத்திரையிடும் ஏற்பாடும் ஆகும். ஜவ்வரிசி டெண்டர் விலை தினந்தோறும் கிழங்கு விளையும் கிராமங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். கலப்படத் தடுப்பு நடவடிக்கை ஆண்டு முழுவதும் நடைபெற வேண்டும். விவசாயிகளின் குழுவுக்கும் சேகோசர்வுக்கும் இடையே ஒரு நிரந்தரக் கலந்தாய்வுக் குழு அமைந்தால், விலை சரிந்த பின் கூட்டம் போடும் நிலை மாறும்.

சென்ற நாற்பது ஆண்டுகளுக்கு முன் சிறு ஆலைக்காரர்கள் தனித்தனியே வியாபாரியிடம் போய் நின்றார்கள். கிடங்கும் டெண்டரும் வந்தபின் அவர்கள் நிலை மாறியது. கிழங்கு விவசாயி இன்றும் ஆலை வாசலில் தனியாகவே நிற்கிறார். வரும் பட்டத்துக்குக் கரணை வெட்டும் முன்பே, ஊரில் இருபது பேர் கூடி ஒரு தராசைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அடுத்த அறுவடையில் அதன் பயனைக் காணலாம்.