காளானுக்கு எவ்வளவு வெளிச்சம்?

வீட்டில் சிப்பிக் காளான் பை தொங்கவிட்டிருக்கும் தோழிகளே, தனியாக விளக்கு வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். காளான் செடி இல்லை. வைக்கோலைத் தின்றுதான் வளரும். வெளிச்சம் அதற்குச் சாப்பாடு அல்ல, ‘வெளியே வா’ என்று கூப்பிடும் குரல்.

1. வித்து போட்ட பைக்கு முதல் 15, 20 நாள் இருட்டு போதும். பரணுக்குக் கீழே ஒரு மூலையில் பழைய சாக்கை மறைப்பாகத் தொங்கவிட்டாலே இடம் தயார். படுக்கையறை மட்டும் வேண்டாம், விரிந்த காளானின் தூள் சிலருக்கு இருமலைக் கிளப்பும்.

2. பை முழுக்க வெள்ளை படர்ந்ததும் வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். கண்ணைச் சுருக்காமல் செய்தித்தாள் படிக்க முடிகிற அளவு இருந்தால் சரி.

3. நேர் வெயில் ஆகவே ஆகாது. ‘கொஞ்சம் பட்டால்தான் என்ன’ என்று பால்கனியில் வைத்தேன். ஊசித்தலை மொட்டெல்லாம் ஒரே மத்தியானத்தில் சருகாகிவிட்டது.

4. காம்பு நீண்டு குடை சிறுத்திருக்கிறதா? வெளிச்சம் போதவில்லை, அல்லது காற்றோட்டம் போதவில்லை. ஜன்னலைத் திறந்தால் இரண்டும் வரும், காசும் மிச்சம்.

5. ஜன்னலே இல்லாத அறையில், வீட்டில் இருக்கும் சாதாரண வெள்ளை எல்இடி பல்பு போதும். வெள்ளை ஒளிக்குள் இருக்கும் நீலம்தான் காளானைத் தட்டி எழுப்புகிறது. சிவப்பு ஜீரோ வாட் பல்பை நம்பாதீர்கள்.

6. பட்டன் காளான் இருட்டிலேயே மொட்டு விடும். ஆனால் நல்ல குளிர் கேட்கும், அதை ஊட்டிக்காரர்களுக்கே விட்டுவிடுவோம்!

7. பறித்த காளானைச் சமைக்கும் முன், அடிப்பக்க மடிப்புகள் மேலே தெரியும்படி அரை மணி நேரம் உச்சி வெயிலில் வையுங்கள். வைட்டமின் டி கூடும். வளரும்போது ஆகாத வெயில், பறித்த பிறகு நல்லது!

8. காளானும் பூஞ்சை இனம்தான். அழையாமல் வரும் பூஞ்சைக்கும் வெயில் வைத்தியம் உண்டு. ஆனால் செருப்பில், பெல்ட்டில் வரும் கறுப்புப் பூஞ்சைக்கு அந்தக் கறுப்பே குடை. வெயில் பட்டதும் செத்துவிடாது. வெளியில் வைத்துத் தேய்த்துத் துடைத்து, ஈரம் சுண்டும்வரை காயவிட்டால்தான் அடங்கும்.

9. பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். காயவைத்தாலும் வறுத்தாலும் அதன் நஞ்சு முழுதாகப் போகாது. கோழிக்குக்கூடப் போடாமல் குப்பையில் கொட்டிவிடுங்கள்.