தூசு ஒவ்வாமை: வகுப்பறையில் கவனிப்போம், வீட்டில் குறைப்போம்

என் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு முறை தும்முவாள். முதல் பாடவேளை முழுவதும் மூக்கைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டே இருப்பாள். மாதத்தில் நான்கைந்து நாள் விடுப்பு. கடிதத்தில் எப்போதும் ‘சளி’ என்ற ஒரே காரணம். படிக்காததற்குச் சாக்கு என்று எண்ணி ஒருநாள் கடிந்துகொண்டேன். அவளுடைய தாயிடம் பேசிய பிறகே என் தவறு புரிந்தது. சளி பிடிக்கும் என்று வாழைப்பழத்தையும் தயிரையும் ஓராண்டாக நிறுத்தியிருந்தார். தும்மல் மட்டும் நிற்கவில்லை.

சளியா, ஒவ்வாமையா?

சாதாரணச் சளி வைரஸால் வருவது. பெரும்பாலும் 7 முதல் 10 நாள்களில் சரியாகிவிடும். காய்ச்சல், தொண்டைவலி சேர்ந்து வரலாம். ஒவ்வாமையில் காய்ச்சல் இருக்காது. அடுக்குத் தும்மல், தண்ணீர்போல் மூக்கொழுகல், மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு ஆகியவை வாரக்கணக்கில் நீடிக்கும். அல்லது குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட இடத்தில் திரும்பத் திரும்ப வரும்.

தீங்கற்ற ஒரு பொருளை நம் நோய் எதிர்ப்பு மண்டலம் பகையாக எண்ணிப் போரிடுவதே ஒவ்வாமை. அப்போது உடலில் வெளிப்படும் ஹிஸ்டமின்தான் தும்மலையும் அரிப்பையும் உண்டாக்குகிறது. வீட்டில் இதைத் தூண்டுபவற்றுள் முக்கியமானது தூசு உண்ணி. கால் மில்லிமீட்டர் அளவே உள்ள இவ்வுயிரி, நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. இதன் கழிவே ஒவ்வாமைக்குக் காரணம். பூஞ்சை, கரப்பான்பூச்சிக் கழிவு, பூனை, நாய் ஆகியவையும் தூண்டலாம்.

ஒரு வாரக் குறிப்பேடு

அந்த மாணவியை ஒரு வாரம் குறிப்பெழுதச் சொன்னேன். எப்போது தும்மினாய், எங்கே இருந்தாய், அப்போது என்ன நடந்தது என மூன்றே கேள்விகள். படுக்கையிலிருந்து எழும்போதும், வீடு பெருக்கும்போதும், வகுப்பில் கரும்பலகையைத் துடைக்கும்போதும் தும்மல் வந்தது தெரிந்தது. உணவுக்கும் தும்மலுக்கும் தொடர்பே இல்லை. அந்தக் குறிப்பேட்டுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றார்கள். மருத்துவரும் தூசு ஒவ்வாமை என்றே கூறினார்.

பெற்றோரிடம் சொல்ல வேண்டியவை

1. பழைய இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றலாம். துவைத்து உலர்த்தக்கூடிய பாயும் போர்வையும் நல்லவை.
2. போர்வை, உறைகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலச வேண்டும். 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் உண்ணிகள் இறந்துவிடும். பிறகு நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும்.
3. பெருக்கும்போதும் ஒட்டடை அடிக்கும்போதும் குழந்தை வெளியே இருக்கட்டும். ஈரத்துணியால் துடைப்பது மேல்.
4. மழைக்காலத்தில் சுவரின் ஈரக்கசிவைக் கவனிக்க வேண்டும். ஈரத்துணிகளைப் படுக்கும் அறையில் காயவைக்கக் கூடாது.
5. கொசுவர்த்தி, ஊதுபத்தி, சிகரெட் புகை மூக்கை மேலும் உறுத்தும். கொசுவலையே பாதுகாப்பு.
6. மருத்துவர் சொல்லாமல் எந்த உணவையும் நிறுத்தக் கூடாது. கடையில் தாமாக மாத்திரை வாங்கவும் கூடாது. சில மாத்திரைகள் வகுப்பிலேயே தூக்கத்தை வரவழைக்கும்.

இரவில் இருமல், மூச்சுவிடும்போது விசில் சத்தம் இருந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பேச முடியாத அளவு மூச்சு திணறினால் 108-ஐ அழைக்க வேண்டும்.

நம் பங்கு

கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கலாம். வகுப்பறையைத் தண்ணீர் தெளித்துப் பெருக்கச் செய்யலாம். அத்தகைய குழந்தையைப் பலகையிலிருந்து சற்றுத் தள்ளி அமர வைக்கலாம். குறிப்பேடு எழுதுவதை அறிவியல் பாடச் செயல்பாடாக வகுப்பு முழுமைக்கும் தரலாம். உற்றுநோக்கல், பதிவு, முடிவு ஆகிய மூன்றும் அதில் உள்ளன.

ஒவ்வாமை முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆனால் அவளது தும்மலும் விடுப்பும் குறைந்துள்ளன. வாழைப்பழமும் மீண்டும் கிடைக்கிறது. அடுத்த முறை ‘சளி’ என்று விடுப்புக் கடிதம் வந்தால், கையெழுத்திடும் முன் அந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.