ஈப்போவில் 3 டிகிரி குளிரா?

மாணவர்களே, ஒரு கேள்வியோடு தொடங்குவோம். நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை எவ்வளவு தெரியுமா? 7.8 டிகிரி செல்சியஸ். 1978 பிப்ரவரி 1-ஆம் நாள் கேமரன் மலையில் பதிவானது அது.

ஆனால், ஈப்போவில் ஒரு பழைய டீசல் லாரி, காலை பத்து மணி வெயிலில் நின்றுகொண்டு, "இப்போது வெறும் 3 டிகிரிதான்" என்று நம்பிக்கொண்டிருந்தது. அந்தத் தவறான நம்பிக்கையால் ஒரு குடும்பத்தின் வருமானமே ஆட்டம் கண்டது. அதை ஒரு மல்டிமீட்டரும் ஐந்தாம் படிவ இயற்பியலும் எப்படிக் கண்டுபிடித்தன என்பதுதான் இந்த வாரப் பாடம்.

லாரிக்கு என்ன நோய்?

என் மாணவன் ஒருவனின் வீடு சுங்கை சிப்புட் பக்கம், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில் இருக்கிறது. அவன் அப்பா காய்கறி லாரி ஓட்டுகிறார். நள்ளிரவில் சிம்பாங் பூலாய் சாலை வழியாகக் கேமரன் மலை ஏறி, விடிவதற்குள் ஈப்போவுக்குச் சரக்கோடு இறங்கிவிடுவார். பிறகு கடை கடையாக நிறுத்தி இறக்குவார். ஜப்பானில் ஓடி, ரீகண்டிஷன் செய்யப்பட்டு இங்கே வந்த லாரி அது.

சில வாரங்களாக ஒரு தொல்லை. சாவியைத் திருப்பினால், சூடேற்றி விளக்கு அணையவே நேரமாகிறது. எஞ்சின் கிளம்பிய பிறகும் முன்விளக்குகள் மங்குவதும் பிரகாசிப்பதுமாக இருக்கின்றன. நாலைந்து கடைக்குள் பேட்டரி சோர்ந்துவிடுகிறது. இரண்டு பேட்டரிகளையும் மாற்றிப் பார்த்தார், பயனில்லை. வண்டி கிளம்பாத நாளில் கீரையும் கோசும் லாரியிலேயே வாடின. "சென்சர் போய்விட்டது, புதிதாக வரவழைக்க வேண்டும்" என்றார்கள் பட்டறையில். பழைய மாடல் என்பதால் விலையும் அதிகம், காத்திருக்கும் நாளும் அதிகம்.

மறுநாள் அந்தச் சென்சரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வகுப்புக்கே கொண்டுவந்துவிட்டான் என் மாணவன். "டீச்சர், இது உண்மையிலேயே கெட்டுப்போச்சான்னு நாமே பார்க்க முடியுமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பார்ப்பதற்கு முன், இந்தச் சூடேற்றி எதற்கு என்று தெரிந்துகொள்வோம்.

டீசல் எஞ்சினுக்கு எதற்குச் சூடான காற்று?

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டு; டீசல் எஞ்சினில் கிடையாது. காற்றை மிக அதிகமாக அழுத்தினால் அது சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் அடிப்படை இதுதான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதே, அதே தத்துவம்.

நம் ஊரில் 30 டிகிரிக் காற்றை 17-இல் ஒரு பங்காக அழுத்தினால், வெப்ப இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், அது 600 டிகிரியைத் தாண்டிவிடும். பனி கொட்டும் ஊரில் தொடக்கக் காற்றே உறைநிலைக்குக் கீழே இருக்கும். எஞ்சினின் குளிர்ந்த இரும்பும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது டீசல் சரியாகப் பற்றாமல் வெள்ளைப் புகையாக வெளியேறும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு சிலிண்டருக்கும் குளோ பிளக் வைப்பது. மற்றொன்று, எஞ்சினுக்குள் காற்று நுழையும் வழியிலேயே மின்சூடேற்றி வைப்பது. அமெரிக்காவில் 1989 முதல் டாட்ஜ் ரேம் வண்டிகளில் வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சின் இரண்டாம் வகைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஏறக்குறைய 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால்தான் அந்தச் சூடேற்றிக்கு வேலை. ஆகவே ஈப்போவில் அது தூங்கிக்கொண்டே இருக்க வேண்டிய கருவி. நம் லாரியில் அது ஏன் விழித்துக்கொண்டது?

விழித்தால் சும்மா இருக்காது. ஒரு சூடேற்றி 1200 வாட் எடுப்பதாகக் கொள்வோம். லாரியின் மின்னழுத்தம் 24 வோல்ட். மின்னோட்டம் = திறன் ÷ மின்னழுத்தம்; அதாவது 50 ஆம்பியர்! முன்விளக்கு மங்கியதும், அடிக்கடி நிறுத்திக் கிளப்பும் லாரியில் பேட்டரி சோர்ந்ததும் இதனால்தான். புது பேட்டரி போட்டாலும் அதே கதிதான்.

சூட்டை எண்ணாக்கும் சென்சர்

காற்று எவ்வளவு சூடு என்று எஞ்சின் கணினிக்குச் சொல்வது சென்சர். அதன் உள்ளே இருப்பது தெர்மிஸ்டர் என்னும் சிறு பொருள். செம்புக் கம்பியில் சூடு ஏறினால் மின்தடை கூடும். மலாய்ப் பாடநூலில் நீங்கள் 'ரிந்தாங்ஙான்' என்று படிப்பதே இந்த மின்தடை. இந்த வகைத் தெர்மிஸ்டரில் நேர்மாறு: சூடு ஏற ஏற மின்தடை குறையும். மைக்கேல் ஃபாரடே 1833-இலேயே சில்வர் சல்ஃபைடில் இந்த விந்தையைக் கவனித்துவிட்டார்.

நாங்கள் சென்சரின் நுனியை மட்டும் நீரில் அமிழ்த்தி, மல்டிமீட்டரால் அளந்தோம். கணக்கு எளிதாக இருக்க எண்களைச் சற்று முழுமைப்படுத்தித் தருகிறேன்:

பனிக்கட்டி மிதக்கும் நீர், 0 டிகிரி: 5.9 கிலோ ஓம்
குழாய் நீர், 30 டிகிரி: 1.7 கிலோ ஓம்
சுடுநீர், 60 டிகிரி: 0.6 கிலோ ஓம்

இவ்வகைச் சென்சருக்கான அட்டவணையோடு ஒப்பிட்டோம். மூன்றும் பொருந்தின. சென்சர் கெடவே இல்லை! வகுப்பில் சிறிது நேரம் அமைதி. "அப்போ யார் பொய் சொல்றது, டீச்சர்?" என்றான் என் மாணவன்.

குற்றவாளி எங்கே?

சென்சர் தனியாக வேலை செய்வதில்லை. கணினி 5 வோல்ட் தருகிறது. கணினிக்குள் ஒரு நிலையான மின்தடை, இங்கே 2.5 கிலோ ஓம் என்று கொள்வோம். அதோடு தொடரிணைப்பில் நம் தெர்மிஸ்டர். இரண்டும் 5 வோல்ட்டைத் தங்கள் மின்தடைக்கு ஏற்பப் பங்கு போட்டுக்கொள்கின்றன. சென்சர் பக்கம் விழும் பங்கைத்தான் கணினி படிக்கிறது.

30 டிகிரியில் அந்தப் பங்கு: 5 × 1.7 ÷ 4.2, அதாவது ஏறக்குறைய 2 வோல்ட்.

அந்தச் சனிக்கிழமை, அவன் அப்பாவும் ஒரு மெக்கானிக்கும் உடனிருக்க, லாரியில் அளந்தோம். சென்சரை மீண்டும் பொருத்தி, சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் பார்த்தபோது கணினிப் பக்கம் 3.36 வோல்ட் காட்டியது. சென்சரின் இரு முனைகளுக்கு இடையே 1.12 வோல்ட்தான். மீதி 2.24 வோல்ட் எங்கே போயிற்று? மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் இந்தப் பக்கமும், மறு முனையை அந்தப் பக்கமும் வைத்தோம். அங்கே இருந்தது அந்த 2.24 வோல்ட்!

நல்ல இணைப்பில் இந்த இடத்தில் மின்னழுத்தம் ஏறக்குறைய சுழியமாக இருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றினால், ஊசி போன்ற இணைப்பு முனையில் பச்சைக் களிம்பு. மழையும் ஈரமும் செம்பை அரித்திருந்தன. அந்தக் களிம்பே 3.4 கிலோ ஓம் மின்தடையாக நடுவில் உட்கார்ந்திருந்தது. 1.7 உடன் 3.4 சேர்ந்தால் 5.1 கிலோ ஓம். அட்டவணையில் அது ஏறக்குறைய 3 டிகிரி. கணினி முட்டாள் இல்லை. அதற்குக் கிடைத்த செய்திதான் தவறு.

இணைப்பு முனையை மாற்றி, பிளக்கைச் சுத்தம் செய்ததும் அளவு 2 வோல்ட்டுக்கு இறங்கியது. சூடேற்றி விளக்கு எரியவில்லை. அப்பா சாவியைத் திருப்பினார். லாரி உடனே கிளம்பியது. "இதுக்கா ரெண்டு பேட்டரி வாங்கினேன்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய வரிசை

எந்தக் கருவி பழுதானாலும் இந்த வரிசை உதவும். முதலில் அறிகுறியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, சரியான அளவு என்னவாக இருக்க வேண்டும் என்று அளப்பதற்கு முன்பே கணக்கிடுங்கள். பிறகு சென்சர், பிளக், வயர், கணினி என்று ஒவ்வொரு பகுதியாக அளந்து, எங்கே கணக்கும் அளவும் பிரிகின்றன என்று பாருங்கள். பழுது அங்கேதான். பொருள் மாற்றுவது கடைசி வேலை. ஐந்தாம் படிவத்தில் தெர்மிஸ்டரும் டிரான்சிஸ்டரும் சேர்ந்த தானியங்கிச் சுற்றைப் படிப்பவர்களுக்கு இந்தச் சுற்று புதிதல்ல.

எச்சரிக்கை

லாரியின் எஞ்சினை நீங்கள் தனியாகத் தொடக் கூடாது. சூடேற்றிக்குச் செல்லும் தடித்த வயர் பேட்டரியிலிருந்து பெரும் மின்னோட்டத்தைக் கொண்டுவருகிறது. மோதிரமோ உலோகக் கடிகாரமோ அதில் பட்டால் தீக்காயம் நிச்சயம். மின்தடை அளக்கும்போது சாவி அணைந்திருக்க வேண்டும். சென்சர் கழற்றப்பட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று மிக முக்கியம். வண்டி கிளம்பாவிட்டால் காற்றுக் குழாயில் ஈதர் ஸ்பிரே அடிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஈதர் சுமார் 160 டிகிரியிலேயே தானே பற்றிக்கொள்ளும். சிவக்கச் சூடான சூடேற்றி உள்ள எஞ்சினில் அதை அடித்தால் குழாயே வெடிக்கலாம். வீட்டில் லாரி ஓட்டுபவர் இருந்தால் இன்றே இதைச் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

மின்னணுப் பொருள் கடையில் ஒரு தெர்மிஸ்டர் வாங்குங்கள். பனிக்கட்டி நீர், குழாய் நீர், வெதுவெதுப்பான நீர் ஆகியவற்றில் அளந்து வரைபடம் போடுங்கள். நேர்கோடு வருகிறதா, வளைவு வருகிறதா?

சிந்தித்துப் பாருங்கள்

1. சென்சருக்குச் செல்லும் வயர் முழுதாக அறுந்தால் கணினி எத்தனை வோல்ட் படிக்கும்? கடுங்குளிர் என்று நினைக்குமா, கடும் வெப்பம் என்று நினைக்குமா?

2. இரண்டு வயர்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால்? அந்தப் பழுதை ஈப்போவில் ஓட்டும் ஒருவர் பல ஆண்டுகள் கவனிக்காமலே இருக்கலாம். ஏன்?

விடைகளை உங்கள் அறிவியல் ஆசிரியரோடு கலந்து பேசுங்கள். அந்த மாணவன் இப்போது இரண்டாம் கேள்விக்குத் தன் தம்பிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.