பாலவனத்தமும் ஒரு திருக்குறட் பதிப்பும்

விருதுநகரினின்றும் அருப்புக்கோட்டைக்குச் செல்லும் பாதையில் பாலவனத்தம் என்னும் ஊர் உளது. வண்டியிற் செல்வோர் பெரும்பாலும் அதனைக் கவனியாது கடந்துவிடுவர். கரிசல் நிலம், சீமைக் கருவேல், நீர் வற்றிய கண்மாய், இடையிடையே பனை: அருப்புக்கோட்டை தொடங்கிக் குண்டாற்றங்கரையிலுள்ள திருச்சுழி வரையில் கண்ணுக்குப் புலப்படுவன பெரும்பாலும் இவையே. தமிழ்க் கல்வியைப் பற்றிப் பேசுவோர் தஞ்சையையும் மதுரையையும் நெல்லையையும் எடுத்துரைப்பரேயன்றி, இவ்வறண்ட பூமியை நினையார். ஆயினும், நினைக்குந்தோறும் வியப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தருவதாகிய ஒரு செய்தி இப்பாலவனத்தத்து ஜமீன்தாரைப் பற்றி வழங்குகின்றது. நூல்களைத் தடுப்பவர் யாவர், அழிப்பவர் யாவர், அவற்றால் விளைவன யாவை என்று ஆராயப்புகும் மாணவர் இவ்வூரினின்றே தொடங்கலாம் என்பது எமது கருத்து.

அந்த ஜமீன்தார் பொன். பாண்டித்துரைத் தேவர் ஆவார். 1867-ம் ஆண்டிற் பிறந்து 1911-ம் ஆண்டில் மறைந்த இவர், நாற்பத்து நான்காண்டுகளே வாழ்ந்தவர். அதற்குள் இவர் தமிழுக்குச் செய்தவற்றை எண்ணின் மலைப்பே உண்டாகும். 1901-ம் ஆண்டு செப்டெம்பர்த் திங்களில் மதுரையில் தமிழ்ச்சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டில் 'செந்தமிழ்' என்னும் மாத இதழ் அச்சங்கத்தினின்றும் வெளிவரலாயிற்று. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு முயன்று தொகுத்த 'அபிதான சிந்தாமணி', வெளியிடுவாரின்றிக் கிடந்த நிலையில், 1910-ல் அச்சேறியதற்கு இவரே காரணர். வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் சுதேசிக் கப்பற் கம்பெனிக்கும் இவர் பெருந்துணையாய் நின்றார். சங்கம் தோன்றிய வரலாற்றைக் கூறுவோர், ஒருகால் இவர் மதுரையிற் சொற்பொழிவு செய்ய வந்தபோது, பார்வைக்கு வேண்டிய கம்பராமாயணமும் திருக்குறளும் அந்நகரில் எளிதிற் கிடைத்தில என்றும், சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த மதுரைக்கு இந்நிலையா என்று மனம் நொந்து இவர் புதிய சங்கம் காண முற்பட்டார் என்றும் கூறுவர்.

குறள் கிடைக்கவில்லையே என்று நொந்த இப்பெருமகனாரைப் பற்றியே, குறட் பதிப்பொன்றைத் தீக்கிரையாக்கினார் என்னும் செய்தியும் வழங்குகின்றது.

அது வருமாறு: மதுரையில் வாழ்ந்த ஸ்காட் என்னும் ஆங்கிலேயரொருவர் தமிழ் கற்று, தம் பெயரையும் 'சுகாத்தியர்' என்று தமிழாக்கிக்கொண்டார். அவர் திருக்குறளைப் படிக்குங்கால், சில குறட்பாக்களில் இரண்டடிகளுக்கும் எதுகை ஒத்து வாராமை கண்டு, இவை ஏடெழுதுவோர் செய்த பிழையாகும் என்றோ, புலவர் கவனியாது விட்டன என்றோ கருதி, சொற்களை மாற்றி, எதுகையும் மோனையும் வருமாறு தாமே திருத்தி ஒரு பதிப்பை அச்சிட்டுவிட்டார். அதனைக் கண்ணுற்ற தேவரவர்கள் உள்ளங் கொதித்தார். ஆயினும் அதனை வெளிக்காட்டாது, அவரிடமிருந்த பிரதிகள் அனைத்தையும் விலைகொடுத்து வாங்கினார். தம் உழைப்புக்கு இத்துணை மதிப்போ என்று அவ்வாங்கிலேயர் மகிழ்ந்திருக்க, தேவரவர்கள் வாங்கிய பிரதிகளையெல்லாம் ஒருங்கே எரித்துவிட்டார் என்பர்.

இங்குச் சிறிது நின்று, அவ்வாங்கிலேயர் செய்த பிழை யாதென்று தெளிவோம். வெண்பாவிற்கு இன்றியமையாதது வெண்டளை பிறழாமை. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றாய் முடிதலும் வேண்டும். எதுகையும் மோனையும் பாவிற்கு அழகு தருவனவேயன்றி, அவை இல்லாதவிடத்துப் பா கெட்டதெனல் இல்லை. தொடையொன்றும் அமையாது வருவதற்குச் 'செந்தொடை' என்று நம் முன்னோர் பெயரும் இட்டுள்ளனர். அணியைச் சட்டமென்று பிழைபட உணர்ந்த ஒருவர், இலக்கணப் புலமையின் உச்சியில் நின்ற புலவரைத் திருத்தப்புகுந்தார். செந்தொடை என்னும் சொல்லை யாரேனும் அவருக்கு உரிய காலத்தில் எடுத்துரைத்திருப்பின், அப்பதிப்பே பிறந்திராது.

தேவரவர்களின் சினம் நமக்கு விளங்காததன்று. ஆள்வோரினத்தைச் சேர்ந்த ஒருவர், ஆளப்படுவோரின் தலைசிறந்த நூலில் கைவைக்கின்றார். அன்றைய நிலையில் அஃது ஒரு பதிப்பாசிரியரின் தவறாக மட்டும் தோன்றியிராது. படித்தவர் மிகச் சிலராயிருந்த காலத்தில், அச்சில் வந்ததே மூலம் என்று பள்ளிப் பிள்ளைகள் நம்பிவிடுவர் என்னும் அச்சமும் பொருளற்றதன்று. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டும், எரித்தது நன்றென்று எம்மாற் சொல்லக்கூடவில்லை. காரணம் குறள்நூலின் வரலாற்றிலேயே உளது. அந்நூலுக்கு உரை கண்ட பழைய ஆசிரியர் பதின்மர் என்பர். அவர்களுள் ஒருவர் கொண்ட பாடத்தை மற்றொருவர் கொள்ளாத இடங்கள் பல. பரிமேலழகர் தாம் ஏலாத பாடத்தையும் எடுத்துக்காட்டி, அது பொருந்தாமைக்குக் காரணமும் கூறிச் செல்வர். ஏலாததை அவர் மறைத்திருந்தால், அவர் ஏற்றது சரியா என்று இன்று நாம் ஆராய்தற்கு வழியேது? உ. வே. சாமிநாதையரவர்களும் தம் பதிப்புக்களில் பாடபேதங்களை அடிக்குறிப்பிற் பெய்து வைத்தனர். தவறான பாடமும் அடிக்குறிப்பில் இருத்தற்கு உரிமையுடையது என்பதே பதிப்புத் துறையின் நெறி. சுகாத்தியர் பதிப்பு எரிந்தமையால் அவருடைய திருத்தங்களைக் கண்டு, இஃது இன்ன காரணத்தால் தவறு என்று மாணவருக்குக் காட்டும் வாய்ப்பும் உடன் எரிந்தது. இன்று அப்பதிப்பை நினைவுகூர்வோர் யாவரும் எரித்த கதையின் வாயிலாகவே நினைவுகூர்கின்றனர். குற்றஞ்சாட்டப்பட்டவர் வாய்திறவாத வழக்கு அது.

நிற்க, நூலை அழித்தால் எது அழியும், எது அழியாது என்பதற்குத் திருச்சுழியே ஒரு சான்று. 'திருச்சுழியல்' என்று சுந்தரரால் பாடப்பெற்ற தலம் அது. தேவார ஏடுகள் தில்லையில் ஓர் அறையிற் பூட்டப்பட்டுக் கிடந்தன என்றும், இராசராசன் காலத்தில் அதனைத் திறந்து பார்த்தபோது பெரும்பகுதி கறையானுக்கு இரையாகியிருந்தது என்றும் திருமுறை கண்ட வரலாறு கூறுகின்றது. பகைவர் ஒருவரும் அவற்றை எரிக்கவில்லை. காப்பதாக எண்ணியே பூட்டினர். பனையோலைக்குப் பஞ்சமில்லாத இந்நாட்டில் ஓலை எளிது. அதனைப் படி எடுப்பவனும் வாய்விட்டுப் படிப்பவனுமே அரியர். இத்திருச்சுழியில் 1879-ல் பிறந்து, மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிற் பயின்ற வேங்கடராமன் என்னும் சிறுவர், சிறிய தந்தையார் இரவலாக வாங்கி வைத்திருந்த பெரியபுராணத்தைத் தற்செயலாக எடுத்துப் படித்ததையும், அது தம்மை உருக்கியதையும் பின்னாளில் இரமண மகரிஷியாக விளங்கியபோது கூறியுள்ளார். இரவல் நூலொன்று ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்குப் போகாதிருந்தால் என்னாகியிருக்கும் என்று யாம் சிலபோது எண்ணுவதுண்டு.

இவ்வறண்ட நாட்டிற் கண்ணால் நூல் படித்தோர் சிலர். காதாற் படித்தோரே பலர். எழுத்தறிந்த ஒருவர் பெரிய எழுத்துக் கதைப் புத்தகமொன்றை விளக்கடியில் வைத்து இராகத்துடன் படிப்பார், சுற்றியிருப்போர் கேட்பார்கள். இரண்டு மூன்று முறை கேட்டபின் புத்தகமின்றியே பாட்டு வழங்கும். யாம் சிறுவராயிருந்தபோது எங்கள் தெருவில் இவ்வாறு கதை கூறிய முதியவள் ஒருத்திக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் யாரேனும் ஒரு சொல்லை மாற்றிப் பாடிவிட்டால் உடனே திருத்துவாள். காகிதத்தைப் பறிக்கும் சட்டம் இத்தகையோர் முன் யாது செய்யும்?

அதனை அரசாங்கம் அறியும் காலமும் வந்தது. கரிசற் சீமையைச் சேர்ந்த எட்டயபுரத்திற் பிறந்த சுப்பிரமணிய பாரதியாரின் 'கனவு', 'ஆறிலொரு பங்கு' என்னும் இரு சிறு நூல்கள் 1911-லேயே தடைசெய்யப்பட்டன. அவர் 1921-ல் மறைந்தார். ஏழாண்டு கழித்து, 1928-ல், பர்மா அரசாங்கம் முதலிலும், அதனைப் பின்பற்றிச் சென்னை அரசாங்கமும் அவருடைய தேசிய கீதங்களைப் பறிமுதல் செய்தன. போலீசார் பிரதிகளை வாரிச் சென்றனர். அவ்வாண்டு அக்டோபரில் எஸ். சத்தியமூர்த்தியவர்கள் சென்னைச் சட்டசபையில் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார். அது பெருவாரியான வாக்குகளால் நிறைவேறிற்று. அதனினும் வேடிக்கை, தடைசெய்யப்பட்ட அப்பாடல்கள் பள்ளிக்கூடங்களில் நெடுநாளாகப் பிள்ளைகளாற் பாடப்பட்டு வந்தவை. பிள்ளைகளின் நாவைப் பறிமுதல் செய்ய எந்தச் சட்டப் பிரிவும் இல்லை. 1949-ல் அதே சென்னை மாகாணத்து அரசாங்கம், ஆள்வோர் மாறிய பின், பாரதியார் நூல்களின் பதிப்புரிமையை விலைகொடுத்து வாங்கிற்று. பின்னர் அது மக்களுக்குப் பொதுவாயிற்று.

நாடக மேடையிலும் இதுவே நிகழ்ந்தது. சிவகாசியிற் பிறந்த விசுவநாததாஸ், வள்ளி திருமணத்தில் முருகனாக நின்று, மதுரை பாஸ்கரதாஸின் பாட்டில் வரும் கொக்கை வெள்ளைக்காரனாகக் காட்டிப் பாடுவார். பாட்டுப் புத்தகங்கள் தடைசெய்யப்பட்டன. நாடகச் சட்டமோ 1876 முதலே இருந்தது. அவர் பலமுறை சிறை சென்றார். 1940-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி சென்னையில் மேடைமீதே உயிர்நீத்தார். புத்தகம் போயினும் ஊர்கள்தோறும் பாட்டு நின்றது.

இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குக. அரசாங்கம் தடைசெய்தவை மக்கள் நாவில் இருந்தன, ஆதலாற் பிழைத்தன. சுகாத்தியரின் திருத்தங்கள் ஒருவர் நாவிலும் இல்லை; ஆதலால் நெருப்புக்கு எளிதாயின. மற்றொரு வேற்றுமையும் உண்டு. தடைசெய்யும் அரசாங்கம் அறிக்கை வெளியிட வேண்டும். காரணம் கூற வேண்டும். அதனை எதிர்த்து உயர்நீதிமன்றஞ் செல்லவும் அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வழிவிட்டிருந்தது. பறித்த நூல்களிற் பலவற்றை அவ்வரசாங்கம் லண்டனில் அடுக்கி வைத்தும் இருந்தது. அவற்றின் பட்டியல் 1985-ல் அச்சாகியும் வந்துவிட்டது. ஆராய்வோர் இன்று அவற்றை அங்கே காணலாம். தனி மனிதர் அன்பினால் மூட்டும் நெருப்புக்கு அறிக்கையும் இல்லை, மேல்முறையீடும் இல்லை, பட்டியலும் இல்லை. இதனாலேயே பின்னதனை யாம் அதிகம் அஞ்சுகின்றோம்.

இது பழங்கதையாய் முடிந்ததன்று. பெருமாள்முருகன் 2010-ல் வெளியிட்ட 'மாதொருபாகன்' என்னும் நாவலின் பிரதிகள் 2014-ம் ஆண்டின் இறுதியில் திருச்செங்கோட்டிற் கொளுத்தப்பட்டன. எரித்தது அரசாங்கமன்று, தம் ஊரையும் தெய்வத்தையும் அந்நூல் இழிவுபடுத்திற்று என்று நம்பிய மக்களே. அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சின் முடிவில் எழுத்தாளர் மன்னிப்புக் கோரவும், பிரதிகளைத் திரும்பப் பெறவும் இசைந்தார். 2015 ஜனவரியில் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்றும் அறிவித்தார். 2016-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி சென்னை உயர்நீதிமன்றம் நாவலுக்கெதிரான கோரிக்கைகளை ஏற்க மறுத்து, அவ்வுடன்படிக்கை அவரைக் கட்டுப்படுத்தாது என்றும், பிடிக்காத நூலைப் படிக்குமாறு ஒருவரையும் யாரும் வற்புறுத்தவில்லை என்றும் கருத்துரைத்தது. அவர் மீண்டும் எழுதலானார். நாவலும் மீண்டும் கடைகளுக்கு வந்தது. பாலவனத்தத்துப் பிரதிகளுக்கு அத்தகைய நீதிமன்றம் ஒன்றும் வாய்க்கவில்லை.